இடைஞ்சலான நிழல்

மழை எட்டிப் பார்க்கவே யோசிக்கும் ஒரு மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். அங்கே இவர்களை கைடு, ஸ்காலர் என்றுதான் சொல்வார்கள். குரு மீனலோசனி, புவியியல் துறைப் பேராசிரியை. நாற்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. சீடர் சவரியப்பன் அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார்.

சவரியப்பனின் ஆராய்ச்சி நிழலைப் பற்றியது. வளாகத்தில் எந்த நேரத்தில் எங்கே நிழல் விழுகிறது, அங்கே வெப்பம் எவ்வளவு குறைகிறது என்று லீவு நாளெல்லாம் தெர்மாமீட்டரும் கையுமாக அலைந்து அளந்தார். கடைசியில் ஒரு வரைபடம் போட்டார். நல்ல நிழல் இருக்கும் இடத்துக்கெல்லாம் பச்சை அடித்தார். அதில் ஆகக் கரும்பச்சையாக இருந்தது தேர்வுப் பிரிவுக்கு மேற்கே நின்ற புங்க மர வரிசை.

அந்த மரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சான்றிதழ் வாங்க, பெயரைத் திருத்த, தொலைந்த மார்க் ஷீட்டுக்கு நகல் கேட்க என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து தினமும் ஜனங்கள் தேர்வுப் பிரிவுக்கு வருவார்கள். ஜன்னலில் டோக்கன் கொடுப்பார்கள். கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். பல நாள் கூப்பிடவே மாட்டார்கள். நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவார்கள். பட்டமளிப்பு விழாவுக்காக மெத்தை வைத்த நாற்காலிகளோடு ஓர் அரங்கம் கட்டிய பல்கலைக்கழகத்துக்கு, இவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று தோன்றவில்லை. எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை வருஷமாக அந்த ஜனங்களுக்கு இடம் கொடுத்தது புங்க மரங்கள்தான்.

போன வருஷம் தேர்வுப் பிரிவின் மொட்டை மாடியில் சோலார் பேனல்கள் வைத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள். ‘பசுமை வளாகம்’ என்று வாசலை மறைக்கும் அளவுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். மதியத்துக்கு மேல் புங்க மரங்களின் நிழல் பேனல் மேல் விழுகிறது, கரண்ட் குறைகிறது என்று அப்புறம்தான் கண்டுபிடித்தார்கள். வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

பசுமை வளாகக் குழு சவரியப்பனின் வரைபடத்தைக் கேட்டது. தன் வேலைக்கு ஒரு பயன் வந்ததே என்று அவர் பூரித்துப்போய்க் கொடுத்தார்.

மே மாதத்தில் ஒரு பகல். அவர் கதவைக்கூடத் தட்டாமல் மீனலோசனியின் அறைக்குள் நுழைந்தார். குரு அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்.

“புங்க மரத்தையெல்லாம் வெட்டப் போறாங்க மேடம்.”

“யாரு?”

“பசுமை வளாகக் குழு.”

குரு எலுமிச்சை சாதத்தில் ஒரு வாய் எடுத்தார். “எந்தெந்த மரம்?”

“நான் பச்சை அடிச்ச மரமெல்லாம். காப்பாத்தணும்னு பச்சை அடிச்சேன். அது மேலேயே சிவப்புல வட்டம் போட்டுட்டாங்க. எது நெறைய நிழல் குடுக்குதோ அதைத்தான் மொதல்ல வெட்டணுமாம்.”

“ம்.”

“நான் அளக்காம இருந்திருந்தா அவங்களுக்கு எதை வெட்டணும்னே தெரிஞ்சிருக்காது. கத்திய நானே தீட்டிக் குடுத்திருக்கேன். எனக்கு இந்தப் பட்டமே வேணாம் மேடம். எழுதின அத்தனையையும் தூக்கிக் குப்பையில போடப் போறேன்.”

“சாப்பிட்டீங்களா சார்?”

“வயிறு எரிஞ்சுபோய் வந்து நிக்கிறேன், சாப்பிட்டீங்களான்னு கேக்குறீங்க!”

“எப்ப வெட்டறாங்க?”

“நாளைக்குக் காலையில. மெஷினுக்குச் சொல்லியாச்சு. இன்னைக்கு மத்தியானம் ஒப்புக்கு ஒரு மீட்டிங். துணைவேந்தரே வர்றாரு. எனக்கும் பேச ரெண்டு நிமிஷம் குடுத்திருக்காங்க.” சவரியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். “நான் என்ன பேசட்டும் மேடம்? ஏசிய விட்டு எறங்காதவங்களுக்கு வெயில்னா என்னன்னு எப்படிப் புரியவைக்கிறது?”

குரு டிபன் பாக்ஸை மூடினார்.

“அவங்க காரெல்லாம் எங்க நிக்கும்?”

“வேற எங்க நிக்கும்? புங்க மரத்தடியிலதான். வரிசையோட அந்தக் கோடியில.”

“வாங்க.”

துணைவேந்தரின் டிரைவர் பூமிநாதன், மரத்தடியில் காரில் சாய்ந்துகொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற டிரைவர்களும் பக்கத்தில்தான் இருந்தார்கள். எதிரே ஒரு பொட்டல் வெளி. செடி கொடி எதுவும் இல்லாமல் தகித்துக்கொண்டு கிடந்தது.

“அண்ணே, காரையெல்லாம் எடுத்து அங்க நிறுத்துங்க” என்றார் குரு.

“அங்கயா? என்னம்மா நீங்க, உள்ள உக்கார முடியாதும்மா. வெந்து போயிரும்.”

“நாளைக்கு இந்த மரமெல்லாம் இருக்காது. அப்புறம் வெயில்லதானே நிக்கணும். இன்னைக்கே நிறுத்திப் பாப்போம்.”

பூமிநாதன் மரங்களை அண்ணாந்து பார்த்தார். “ஐயா கேட்டா?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

பூமிநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற டிரைவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். கார்கள் ஒவ்வொன்றாகப் பொட்டலுக்குப் போயின. குரு தன் ஸ்கூட்டரையும் தள்ளிக்கொண்டு போய் அவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

மீட்டிங் ஹாலில் குளிர் நடுக்கியது. வந்தவர்களுக்குப் பொன்னாடைக்குப் பதிலாக ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்கள், பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி. மரம் வெட்ட முடிவெடுக்கும் கூட்டத்தில் மரக்கன்று கொடுக்கிறோமே என்று ஒருவருக்கும் உறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே வாங்கி, போட்டோவுக்கு நின்று, மேசைக்கடியில் வைத்தார்கள்.

சவரியப்பன் எழுந்தார். மரத்தடியில் தரைச் சூடு எவ்வளவு, தார் ரோட்டில் எவ்வளவு என்று சொன்னார். அங்கே காத்திருப்பவர்களில் நிறைமாதக் கர்ப்பிணிகள்கூட உண்டு என்றார். குரல் உயர்ந்துவிட்டது.

குழுவின் தலைவர் டீன் குலசேகரன். இனிமையான மனிதர். கோபமே படமாட்டார்.

“நீங்களே எழுதியிருக்கீங்களே சார், மத்தியானம் பூரா அந்த மரங்க அடர்த்தியா நிழல் குடுக்குதுன்னு. அதுதானே பிரச்சினை?”

“அது பிரச்சினை இல்ல சார், அதுதான்...”

“ஒரு மரத்துக்குப் பத்து கன்னு நடப் போறோம்.”

“எங்க சார்?”

“பின்னாடி மலைப் பக்கம்.”

“அங்க தண்ணியே கிடையாதே.”

“நட்டுருவோம். மழை வந்தா வளந்துட்டுப் போவுது.”

தேர்வுப் பிரிவின் பொறுப்பு அதிகாரி கையைத் தூக்கினார். “மரம் போயிட்டா எங்க ஆபீஸ்ல மேற்கு வெயில் அடிக்குமே சார். ஸ்டாஃப் உக்கார முடியாது.”

“ஏசி போட்டுக்குவோம். அதான் சோலார் கரண்ட் இருக்கே!” என்றார் டீன்.

நிழல் போனால் கரண்ட் வரும். கரண்ட் வந்தால் ஏசி ஓடும். நிழல் போனதால் வந்த சூட்டை ஏசி தணிக்கும். படித்த மனிதர்கள் ஒரு ஹால் நிறைய உட்கார்ந்துகொண்டு இதற்குத் தலையாட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. துணைவேந்தரின் காரைத் தேடினார்கள். அது பொட்டலின் நடுவில் நின்றது. பூமிநாதன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். துணைவேந்தர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் வெளியே வந்தார். டீன் தன் கார்க் கதவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். இனிமையான மனிதர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்ததை எல்லோரும் கேட்டார்கள்.

“எவன்யா வண்டிய இங்க கொண்டாந்து விட்டது?” என்றார் துணைவேந்தர்.

பூமிநாதன் குருவைப் பார்த்தார்.

“நான்தான் சார் சொன்னேன்” என்றார் மீனலோசனி. “நாளையிலருந்து வெயில்லதானே நிக்கணும். எப்படி இருக்குன்னு இன்னைக்கே பாத்துட்டா நல்லதுன்னு நெனச்சேன்.”

துணைவேந்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். காரைப் பார்த்தார். திரும்பிப் புங்க மரங்களைப் பார்த்தார். சவரியப்பனுக்கு மனசு துள்ளியது. புரிந்துவிட்டது, மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தார்.

“மேடம் சொல்றது சரிதான்” என்றார் துணைவேந்தர். “குலசேகரன், இங்க ஒரு கார் ஷெட் போட்டுருங்க. இந்த மாசத்துக்குள்ள முடியணும்.”

“அருமை சார்! ஷெட் மேலயும் பேனல் வச்சிரலாம்.”

“வச்சிருங்க.”

அவ்வளவுதான். முதுகு ஒரு நிமிஷம் சுட்டது, அடுத்த நிமிஷம் ஷெட் வந்துவிட்டது. வருஷக்கணக்கில் மரத்தடியில் கிடந்த ஜனங்களுக்கு ஒரு பெஞ்சு வராத அதே இடத்தில்தான் இது நடந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு கார்கள் கிளம்பிப் போயின.

சவரியப்பன் பொட்டலிலேயே நின்றார்.

“தோத்துட்டோம் மேடம். உடம்புல சுட்டும் அவங்களுக்குப் புரியலையே!”

“புரியலைன்னு யார் சொன்னா? நல்லாப் புரிஞ்சிடுச்சு. அதனாலதான் ஷெட் வருது.”

சவரியப்பனுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர் அந்தப் பொட்டலில் நின்று அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

“அவங்களுக்குத் தெரியாமத்தான் இதைச் செய்யறாங்கன்னு நெனச்சு வரைபடம் போட்டீங்க” என்றார் குரு. “நானும் அப்படித்தான் நெனச்சு காரை வெயில்ல விட்டேன். என் பங்கும் வீணாப் போச்சு.”

“அப்ப இனிமே யார்கிட்ட சொல்றது?”

“மரத்தடியில இத்தனை நாள் அளந்தீங்களே சார். அங்க உக்காந்திருந்தவங்ககிட்ட என்னைக்காவது பேசினீங்களா?”

சவரியப்பன் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“அளக்க எடைஞ்சலா இருக்கு, கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்லியிருக்கேன்” என்றார்.

குரு மரங்களைப் பார்த்து நடந்தார். சவரியப்பன் பின்னால் போனார்.

தேர்வுப் பிரிவு மூடும் நேரம். ஆனாலும் மரத்தடியில் ஆட்கள் இருந்தார்கள். இருளாயி என்ற அம்மாள் துண்டை விரித்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மகள் திருப்பூரில் வேலை பார்க்கிறாள், லீவு கிடைக்காது. அவளுடைய பட்டச் சான்றிதழை வாங்க அம்மா மாசிக் கடைசியிலிருந்து நடையாய் நடக்கிறார். சான்றிதழ் வந்தால் மகளுக்கு ஆபீஸ் வேலை கிடைக்கும். வராவிட்டால் துணி மடிக்கிற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

சவரியப்பன் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அந்த மண்ணில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“நாளைக்கு இந்த மரத்தையெல்லாம் வெட்டப் போறாங்கம்மா.”

“எதுக்கு?”

“மேல சோலார் வச்சிருக்காங்கல்ல, அதுக்கு நிழல் அடிக்குதாம்.”

இருளாயி மொட்டை மாடியைப் பார்த்தார். வெற்றிலைச் சாற்றைத் தள்ளிப்போய்த் துப்பிவிட்டு வந்தார். “அப்ப நாங்க எங்க உக்கார்றது?”

“அதைப் பத்தி யாரும் பேசலைம்மா.”

“யாருமேவா?”

“நான் கொஞ்சம் பேசினேன்.”

சுற்றி இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் கலெக்டரிடம் போகலாம் என்றார். இன்னொருவர் டிவிக்காரர்களைக் கூப்பிடலாம் என்றார்.

“நாளைக்குக் காலையில எல்லாரும் வருவீங்களா?” என்று கேட்டார் குரு.

“வராம?” என்றார் இருளாயி. “எங்க அம்புட்டுப் பேரையும் நாளைக்கு வாங்கன்னுதான சொல்லியிருக்காக.”

மறுநாள் மெஷின் வந்தபோது ஒவ்வொரு மரத்தடியிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் இல்லை. கொடி இல்லை. தண்ணீர்ப் பாட்டிலும் சோற்று வாளியுமாக, எப்போதும்போல உட்கார்ந்திருந்தார்கள். சவரியப்பனும் நடுவில் இருந்தார். தெர்மாமீட்டரைக் கொண்டுவரவில்லை.

டீன் வந்தார். “எல்லாரும் கொஞ்சம் எந்திரிங்க. வேலை நடக்கணும்.”

“டோக்கனைக் கூப்பிடுங்க சார், எந்திரிச்சுப் போயிடறோம்” என்றார் இருளாயி.

“அது பாட்டுக்கு அது நடக்கும்மா. இப்ப வேற எங்கயாவது போய் இருங்க.”

“எங்க போக? உள்ள விட மாட்டேங்கிறாக. ஏஞ் சாமி, அந்தா சொவத்துல நீங்கதான எழுதிப் போட்டிருக்கீக!”

டீன் திரும்பிப் பார்த்தார். தேர்வுப் பிரிவின் சுவரில் பெயின்டில் எழுதியிருந்தது: ‘சான்றிதழ் பெற வருவோர் தங்கள் எண்ணை அழைக்கும்வரை மரத்தடியில் மட்டுமே காத்திருக்கவும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

செக்யூரிட்டிக்காரர் டீனின் முகத்தைப் பார்த்தார். தள்ளிவிடவா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. மெஷின்காரர் இறங்கிவந்து பீடி பற்றவைத்தார்.

டீன் வேகமாகத் தேர்வுப் பிரிவுக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறந்தது. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். உடனே அடுத்ததையும் கூப்பிட்டார்கள். அந்த ஜன்னலில் அவ்வளவு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடுபவர் ஊரில் இல்லை என்றார்களே, அவர் உள்ளேயேதான் இருந்தார். பிரிண்டர் ரிப்பேர் என்றார்களே, அது ஓடியது. சர்வர் வேலை செய்தது. தொலைந்துபோன கட்டுகள் அதே பீரோவிலிருந்து வந்தன. மாதக்கணக்கில் முடியாது முடியாது என்று விரட்டிய வேலை, மரம் வெட்ட வழி வேண்டும் என்றதும் மளமளவென்று நடந்தது. நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

இருளாயி மகளின் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினார். கும்பிடுவார் என்று ஜன்னலில் இருந்தவர் நினைத்திருக்க வேண்டும்.

“இதுக்கா என்னைய இத்தனை நாளா நாயா அலையவிட்டீக?” என்றார். சத்தம் மரத்தடிவரை கேட்டது.

கடைசி டோக்கனைக் கூப்பிட்டு முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. டீன் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். மரத்தடி காலியாக இருந்தது. மெஷின்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

“ஆரம்பிங்க” என்றார் டீன்.

“இப்ப முடியாது சார். பக்கத்து ஊர்ல ஒரு வேலை ஒத்துக்கிட்டிருக்கேன். நாளைக்கு வாரேன்.”

“நாளைக்கா?”

“காலையிலருந்து காக்கவச்சிட்டு எங்கள என்ன சார் பண்ணச் சொல்றீங்க?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கேட்டுக்கு வெளியே பஸ் வந்து நின்றது. இருளாயியும் மற்றவர்களும் முண்டியடித்து ஏறினார்கள். எல்லோர் கையிலும் உறை இருந்தது. சிலர் அப்போதே போனைக் காதில் வைத்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

குரு புங்க மரத்தடியில் இருளாயி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்தார். மூடியில் பாதியை வைத்துச் சீடரிடம் நீட்டினார். சவரியப்பன் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்குத் தப்பிச்சிடுச்சு மேடம். நாளைக்கு மெஷின் வந்துரும். வேணும்னே எல்லாருக்கும் குடுத்து அனுப்பிட்டாங்க. நாளைக்கு மரத்தடியில உக்கார ஒரு ஆள் இருக்காது.”

பஸ் கிளம்பியது. குரு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த பஸ்ல போறவங்க எல்லாம் ஊர்ல எறங்கி என்ன சொல்வாங்க சார்?”

சவரியப்பனுக்கு விளங்கவில்லை. “என்ன சொல்வாங்க?”

“புங்க மரத்தடியில போய் உக்காந்தா அன்னைக்கே சர்டிஃபிகேட் குடுக்குறாங்கன்னு.”